நாம் மறுபடி பிறந்த நாள்



“அக்கா, நீங்கள் இரட்சிக்கப்பட்டிருக்கிறீர்களா? மறுபடியும் பிறந்திருக்கிறீர்களா?” பேருந்திலும், ஆஸ்பத்திரி வராந்தாவிலும், பக்கத்து வீட்டுத் திண்ணையிலும் நம்மவர்களில் அநேகர் இந்தக் கேள்விக்கு ஆளாகியிருக்கிறார்கள். கேட்கிறவர்கள் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. ஆனால் நம்மவர்கள் விடை தெரியாமல் விழிக்கும்போது அடுத்த வார்த்தை வருகிறது: “கைக்குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றினால் அதற்கு என்ன தெரியும்? அது ஞானஸ்நானமே அல்ல. எங்களோடு வந்து முழுக்கு எடுங்கள்.” இதைக் கேட்டுக் கலங்கி, இரண்டாம் தரம் முழுகிவிட்டு வந்தவர்களும் உண்டு.

வேறு சிலர் இதற்கு நேர்மாறானவர்கள். “எனக்குக் குழந்தையிலேயே ஞானஸ்நானம் ஆகிவிட்டது, கோவில் புத்தகத்தில் பேர் இருக்கிறது, அது போதும்” என்று சொல்லி, வருஷக்கணக்காய்ப் பூசையும் பாவசங்கீர்த்தனமும் இல்லாமல் காலந்தள்ளுகிறார்கள்.

முந்தினவர்கள் தாங்கள் பிறந்ததையே மறந்துபோனார்கள். பிந்தினவர்கள் பிறந்தபின் உண்ணவும் வளரவும் வேண்டும் என்பதை மறந்துபோனார்கள். இரு வகையாருக்கும் ஒரே பாடந்தான் மருந்து. நம் முன்னோர் ஞானஸ்நானம் என்று அழைத்ததும், இன்று திருமுழுக்கு என்று நாம் வழங்குவதுமான அந்தத் தேவதிரவிய அனுமானத்தைப் பற்றி இந்த வாரம் சற்று ஆழ்ந்து சிந்திப்போமாக.

1. இராக்காலத்தில் வந்த பெரியவர்

மறுபடி பிறத்தல் என்ற பேச்சை நமக்குத் தந்தவர் நம் ஆண்டவராகிய சேசுநாதரே. அர்ச். அருளப்பர் எழுதிய சுவிசேஷத்தின் மூன்றாம் அதிகாரத்தில் அந்தச் சம்பவம் இருக்கிறது. நிக்கோதேமுஸ் என்பவர் பரிசேயர். யூதத் தலைவர்களில் ஒருவர். வேதம் படித்து மற்றவர்களுக்கும் போதித்தவர். அவர் இராக்காலத்தில் ஆண்டவரிடம் வந்தார். மறுபடி பிறந்தாலொழிய ஒருவனும் தேவ இராச்சியத்தைக் காண முடியாதென்று ஆண்டவர் சொன்னதும் அவர் திகைத்துப் போனார். வயது சென்ற மனிதன் தன் தாயின் வயிற்றுக்குள் திரும்பப் போவதெப்படி என்று கேட்டார்.

சுவிசேஷத்தின் கிரேக்க மூலத்தில் இவ்விடத்தில் ‘அனோத்தென்’ என்ற சொல் வருகிறது. அந்தச் சொல்லுக்கு ‘மறுபடியும்’ என்றும் பொருள் உண்டு, ‘மேலிருந்து’ என்றும் பொருள் உண்டு. நிக்கோதேமுஸ் முதற் பொருளை மாத்திரம் பிடித்துக்கொண்டார். ஆண்டவரோ, தண்ணீரினாலும் ஆவியினாலும் பிறக்கவேண்டும் என்று விளக்கி, மேலிருந்து வரும் பிறப்பைக் காட்டினார். ஆகையால் நாம் பேசுவது, ஓர் ஆத்துமம் ஓர் உடலை விட்டு வேறோர் உடலில் புகும் என்று சிலர் நம்பும் மறுஜென்மமல்ல. இதே உடலோடும் இதே ஆத்துமத்தோடும் இருக்கிற மனிதன், சர்வேசுரனுடைய சொந்தப் பிள்ளையாக ஆகிற பிறப்பு இது.

இன்னொன்றையும் இங்கே கவனிக்கவேண்டும். தன்னைத் தானே பெற்றுக்கொண்ட பிள்ளை உலகத்தில் உண்டோ? பிறப்பு என்பது நாம் செய்கிற காரியமல்ல. நமக்குச் செய்யப்படுகிற காரியம். எந்தக் குழந்தையும் தன் பிறப்பை நினைவில் வைத்திருப்பதுமில்லை. ஆனாலும் பிறந்தது பொய்யென்று யாரும் சொல்வதில்லை. இதோ, ஆள் உயிரோடு நிற்கிறானே! மறுபடி பிறப்பதும் இப்படியே. அது முதலாவது நம்முடைய தீர்மானமோ, நம்முடைய கண்ணீரோ, நம்முடைய உணர்ச்சியோ அல்ல. அது சர்வேசுரனுடைய செயல்.

2. அந்தத் தண்ணீரில் நடப்பது என்ன?

குருவானவர் குழந்தையின் தலையில் தண்ணீர் வார்த்து, பரிசுத்த தமதிரித்துவத்தின் பெயரைச் சொல்லும்போது, நம் கண் காண்பது கொஞ்சம் தண்ணீர்தான். விசுவாசம் காண்பதோ வேறு.

முதலாவது, பாவம் போக்கப்படுகிறது. ஆதித் தாய் தந்தையரிடமிருந்து வந்த ஜென்மப் பாவமும், புத்தி அறிந்தவனாயிருந்தால் அவன் தானே செய்த பாவங்களும், அவைகளுக்குரிய தண்டனையும் முற்றிலும் நீங்கிப்போகின்றன.

இரண்டாவது, தேவ இஷ்டப்பிரசாதம் என்னும் புது உயிர் ஆத்துமத்தில் ஊற்றப்படுகிறது. இஸ்பிரீத்து சாந்துவாகிய பரிசுத்த ஆவி அங்கே குடிகொள்கிறார். விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்னும் மூன்று புண்ணியங்களும் வித்துப்போல் விதைக்கப்படுகின்றன.

மூன்றாவது, பிறந்த பிள்ளைக்கு ஒரு வீடு கிடைக்கிறது. அவன் சேசுநாதருடைய ஞான சரீரமாகிய திருச்சபையின் அவயவமாகிறான்.

நான்காவது, ஒருநாளும் அழியாத ஒரு முத்திரை ஆத்துமத்தில் பதிகிறது. இதைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

அர்ச். சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில் இதற்கு இன்னும் ஆழமான பொருள் சொல்கிறார். ஞானஸ்நானத்தில் நாம் கிறிஸ்துநாதரோடு மரித்து அடக்கம் செய்யப்பட்டு, அவருடைய உத்தானத்தில் பங்கு பெற்றுப் புது நடையில் நடக்க எழும்புகிறோம் என்பதே அவர் போதகம். தீத்துவுக்கு எழுதியபோதோ, நாம் செய்த நற்கிரியைகளைப் பார்த்தல்ல, தம்முடைய இரக்கத்தினாலேயே சர்வேசுரன் மறுபிறப்பின் ஸ்நானத்தைக் கொண்டு நம்மை இரட்சித்தார் என்கிறார். இரட்சணியமும் மறுபிறப்பும் தண்ணீரும் அப்போஸ்தலருடைய போதகத்தில் ஒரே இடத்தில் சேர்ந்து நிற்பதைப் பாருங்கள்.

ஆனால் எல்லாம் அன்றே மாறிவிடுவதில்லை. வியாதியும் மரணமும் நம்மை விட்டு அகல்வதில்லை. தீமையின் பக்கம் சாய்கிற துர் இச்சையும் நம்மில் மீந்திருக்கிறது. அது தானே பாவமல்ல, பாவத்துக்கு இழுக்கிற சாய்வு மாத்திரமே என்று திரிதெந்தின் பொதுச்சங்கம் 1546-ம் ஆண்டில் போதித்தது. ஆகவே ஞானஸ்நானம் பெற்றவனுக்குச் சோதனை வருகிறதென்றால், அவன் பிறக்கவில்லை என்று அர்த்தமல்ல. பிறந்தவனுக்குத்தான் போராட்டம், கல்லுக்குப் போராட்டம் ஏது?

3. தன்னை அறியாமல் ஞானஸ்நானம் பெற்ற வாலிபன்

“தெரியாத குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்து என்ன பயன்?” என்ற கேள்விக்கு அர்ச். அகுஸ்தீன் தம் வாழ்க்கையிலிருந்தே ஒரு விடை வைத்திருக்கிறார். ‘பாவ அறிக்கைகள்’ என்னும் தமது பிரசித்த நூலின் நாலாம் புத்தகத்தில் அவர் அதை விவரிக்கிறார்.

அகுஸ்தீன் கி.பி. 354-ல், வட ஆப்பிரிக்காவில் இன்று அல்ஜீரியா எனப்படும் தேசத்தில், தாகஸ்தே என்னும் ஊரில் பிறந்தவர். வாலிபத்தில் மணிக்கேயர் என்னும் பதிதரோடு சேர்ந்து வழிதவறினார். சொந்த ஊரில் ஆசிரியராயிருந்த காலத்தில் அவருக்கு உயிருக்குயிரான நண்பன் ஒருவன் இருந்தான். சிறு வயது முதல் கூடப் படித்து, கூட விளையாடினவன். அவனையும் அகுஸ்தீன் தம் தப்பறைக்குள் இழுத்துவிட்டார். அந்த நண்பனுக்குக் கொடிய காய்ச்சல் கண்டது. நினைவு தப்பி, சாவு வியர்வையில் கிடந்தான். பிழைப்பான் என்ற நம்பிக்கை போய்விட்டபடியால், அவன் அறியாமலே அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள்.

அகுஸ்தீன் அதைப் பொருட்படுத்தவில்லை. நினைவில்லாத உடம்பின்மேல் ஊற்றின தண்ணீர் என்ன செய்துவிடும்? தாம் அவன் மனத்தில் பதித்ததுதான் நிற்கும் என்று நினைத்தார். நண்பன் தேறினான். பேசக்கூடிய நிலை வந்ததும், அவனும் கூடச் சிரிப்பான் என்று எண்ணி, அந்த ஞானஸ்நானத்தைப் பரிகாசம் பண்ணினார். நண்பனோ சத்துருவைக் கண்டவன்போல் அவரைக் கண்டு நடுங்கினான். தனக்கு நண்பனாயிருக்க வேண்டுமானால் இப்படிப் பேசுவதை நிறுத்தவேண்டும் என்று, முன் ஒருபோதும் காட்டாத துணிவோடு கண்டித்தான். அகுஸ்தீன் வாயடைத்து நின்றார். சில நாட்களுக்குப் பின், அவர் அருகில் இல்லாத வேளையில், காய்ச்சல் திரும்பி வந்து அந்த வாலிபன் மரித்தான்.

பிரியமானவர்களே, இதைச் சற்று யோசியுங்கள். அவன் கேட்கவில்லை, அறியவில்லை, உணரவில்லை. ஆயினும் கண் விழித்தபோது தான் பெற்ற வரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, உயிர் நண்பனுக்கும் விட்டுக்கொடாமல் நின்றான். பிற்காலத்தில் அர்ச். அகுஸ்தீன் மேற்றிராணியாராகி, குழந்தைகளின் ஞானஸ்நானத்தை உறுதியாய்ப் பாதுகாத்தார். குழந்தைகள் தங்கள் சொந்த வாயால் விசுவசிக்க முடியாதபோது, திருச்சபையாகிய தாய் தன் விசுவாசத்தை அவர்களுக்குக் கொடுக்கிறாள் என்று போதித்தார்.

வேத ஆதாரமும் இல்லாமலில்லை. பெந்தகோஸ்து நாளில் அர்ச். இராயப்பர் ஞானஸ்நானத்துக்கு அழைத்தபோது, அந்த வாக்குத்தத்தம் கேட்கிறவர்களுக்கு மட்டுமல்ல, அவர்களுடைய பிள்ளைகளுக்கும் உரியது என்று அறிவித்தார். பிலிப்பி நகரில் லீதியாள் என்பவளும், சிறைக் காவலனும், வீட்டார் அனைவரோடும் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று அப்போஸ்தலர் நடபடி ஆகமம் சொல்கிறது. பால் குடிக்கக் கேட்கத் தெரியட்டும், பிறகு கொடுக்கலாம் என்று எந்தத் தாயும் காத்திருப்பதில்லையே!

வயது வந்து சேருகிறவர்களுக்கோ வேறு முறை உண்டு. அவர்கள் முதலில் கேட்டு, விசுவசித்து, மனஸ்தாபப்பட்டு, நெடுநாள் ஆயத்தஞ்செய்து வரவேண்டும். அகுஸ்தீன் அப்படித்தான் வந்தார். கி.பி. 387-ம் ஆண்டு ஏப்ரல் 24-ந் தேதி இரவு, பாஸ்குத் திருவிழிப்பில், மிலான் நகரத்தில் அர்ச். அம்புரோஸ் மேற்றிராணியார் கையால் ஞானஸ்நானம் பெற்றார். அவருடைய மகன் அதேயோதாத்துஸும், நண்பர் அலீப்பியுஸும் கூடவே பெற்றார்கள். பல வருஷம் அழுது ஜெபித்த தாய் அர்ச். மோனிக்கம்மாள் அதைக் கண்டு களித்து, அதே வருஷத்தில் சமாதானமாய் மரித்தாள். எட்டு மூலையாய்க் கட்டப்பட்ட அந்த ஞானஸ்நானத் தொட்டியின் சிதைவுகளை இன்றும் மிலான் பேராலயத்தின் அடியில் காணலாம்.

4. பிறப்பு ஒரே தரம்

பூசையில் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது, பாவமன்னிப்புக்கான ஒரே ஞானஸ்நானத்தை அங்கீகரிப்பதாக அறிக்கையிடுகிறோம். கி.பி. 381-ல் கொன்ஸ்தாந்திநோப்பிள் பொதுச்சங்கம் முதல் திருச்சபை இப்படியே அறிக்கையிட்டு வருகிறது. ஏன் ஒரே தரம்? ஒருவன் ஒரே தரந்தான் பிறப்பான்.

ஆப்பிரிக்காவில் தொனாத்து என்பவரைப் பின்பற்றிய பிரிவினைக்காரர், பாவியான குரு கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது என்று சொல்லி, தங்களிடம் வந்த கத்தோலிக்கருக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அர்ச். அகுஸ்தீன் அவர்களோடு நெடுங்காலம் வாதாடினார். கொடுக்கிற கை யாருடையதானாலும், இராயப்பருடையதோ யூதாசுடையதோ, உண்மையில் ஞானஸ்நானம் கொடுக்கிறவர் கிறிஸ்துநாதரே என்பது அவர் காட்டிய நியாயம். மேலும் அவர் ஓர் உவமை சொல்வார். அக்காலத்தில் இராயனுடைய போர்வீரர்களின் உடம்பில் அடையாளம் குத்துவது வழக்கம். ஒரு வீரன் படையை விட்டு ஓடிப்போய், மனம் வருந்தித் திரும்பினால், அவனுக்குப் புதிதாய் அடையாளம் குத்துவதில்லை. பழைய அடையாளம் அப்படியே இருக்கிறது. ஓடிப்போனபோது அவனைக் குற்றவாளியாய்க் காட்டிய அதே அடையாளம், திரும்பியபோது அவன் யாருடையவன் என்று காட்டுகிறது. ஞானஸ்நான முத்திரையும் அப்படியே.

ஆகையால் குழந்தையில் முறைப்படி ஞானஸ்நானம் பெற்ற ஒருவர் மறுபடியும் ஆற்றிலோ தொட்டியிலோ முழுகினால், அவருக்கு இரண்டாம் ஞானஸ்நானம் கிடைப்பதில்லை. முதல் முறை சர்வேசுரன் செய்ததைச் செய்யவில்லை என்று அவர் சாட்சி சொல்லிவிட்டு வருகிறார், நஷ்டம் அவ்வளவே. அப்படிச் செய்தவர் நம் குடும்பத்தில் இருந்தால், அவரைத் தூஷித்துத் துரத்த வேண்டாம். அவர் தேடியது பெரும்பாலும் அன்பான ஜெபமும், விசாரிக்க ஓர் ஆளுந்தான். பொறுமையோடு அழைத்துப் பேசி, பங்குச் சுவாமியாரிடம் கூட்டி வாருங்கள்; திரும்பிவரும் வாசல் பாவசங்கீர்த்தனம்.

இந்த விதி நமக்கும் பொருந்தும். தென்னிந்தியத் திருச்சபை, லுத்தரன் சபை முதலிய பிரிந்த சகோதரர்கள், தண்ணீரினால், பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரால், முறைப்படி கொடுக்கும் ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்க திருச்சபை ஏற்றுக்கொள்கிறது. அவர்களில் ஒருவர் நம்மோடு சேர வந்தால் மறுபடி ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. தமதிரித்துவத்தின் பெயரைச் சொல்லாமல் கொடுத்தது செல்லாது. வார்த்தைகளில் திருச்சபை எவ்வளவு கவனமாயிருக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம்: சில இடங்களில் ‘நான்’ என்பதற்குப் பதிலாக ‘நாங்கள் ஞானஸ்நானம் கொடுக்கிறோம்’ என்று சொல்லி வந்தார்கள். அது செல்லாதென்று உரோமை 2020-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அறிவித்தது. ஏனெனில் அங்கே பேசுகிறவர் கூட்டமல்ல, கிறிஸ்துநாதர்.

5. “நான் இரட்சிக்கப்பட்டேனா?”

இப்போது அந்தத் திண்ணைக் கேள்விக்கு வருவோம். கத்தோலிக்கன் என்ன விடை சொல்லவேண்டும்?

வேதாகமம் இரட்சணியத்தை மூன்று காலத்திலும் பேசுகிறது. அர்ச். சின்னப்பர் எபேசியருக்கு எழுதும்போது, நாம் இரட்சிக்கப்பட்டிருக்கிறோம் என்று நடந்து முடிந்ததாகச் சொல்கிறார். கொரிந்தியருக்கு எழுதும்போது, இரட்சிக்கப்பட்டு வருகிற நமக்கு என்று நடந்துகொண்டிருப்பதாகச் சொல்கிறார். உரோமையருக்கு எழுதும்போது, இனி இரட்சிக்கப்படுவோம் என்று வரப்போவதாகச் சொல்கிறார். மூன்றும் மெய். ஞானஸ்நானத்தில் இரட்சிக்கப்பட்டேன், தேவ இஷ்டப்பிரசாதத்தில் நிலைத்து நாளுக்கு நாள் இரட்சிக்கப்பட்டு வருகிறேன், கடைசி மட்டும் நிலைநின்றால் இரட்சிக்கப்படுவேன் என்று உறுதியாய் நம்பியிருக்கிறேன். இதுவே முழு விடை. பயணச் சீட்டு கையில் இருப்பது மெய்தான். ஆனால் ஊர் போய்ச் சேரும் முன் நடுவழியில் இறங்கிவிடுகிறவனும் உண்டல்லவா?

1431-ம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்துக் கன்னிகை அர்ச். ஜோன் ஆஃப் ஆர்க் என்பவளை விசாரித்த நியாயாதிபதிகள், நீ தேவ இஷ்டப்பிரசாதத்தில் இருக்கிறாயா என்று கேட்டார்கள். அது கண்ணி. இருக்கிறேன் என்றால் அகங்காரி என்பார்கள்; இல்லை என்றால் தன் வாயாலேயே குற்றவாளி ஆவாள். எழுதப் படிக்கத் தெரியாத அந்தக் குடியானவப் பெண், தான் அதில் இல்லாவிட்டால் சர்வேசுரன் தன்னை அதில் வைக்கட்டும் என்றும், இருந்தால் அதிலேயே காக்கட்டும் என்றும் விடை சொன்னாள். படித்த பண்டிதர்கள் பேச்சற்று நின்றார்கள். நமக்கும் இதைவிட நல்ல விடை கிடைக்காது. அகங்காரமுமில்லை, அவநம்பிக்கையுமில்லை, பிள்ளைக்குரிய நம்பிக்கை மாத்திரமே அதில் இருக்கிறது.

நம் நற்கிரியைகளால் மோட்சத்தை விலைக்கு வாங்குகிறோம் என்றும் யாரும் நினைக்க வேண்டாம். முதல் வரம் முழுவதும் இனாம். நம் புண்ணியங்களும் அந்த வரத்திலிருந்து பிறந்த கனிகளே. இதில் நமக்கும் லுத்தரன் சபையாருக்கும் இடையே நானூறு வருஷத்துக்கு மேல் இருந்த வழக்கில், அடிப்படையான உண்மைகளில் இரு சாராரும் ஒத்துப்போகிறதாக 1999-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி ஜெர்மனியின் அவுக்ஸ்பூர்க் நகரில் கூட்டறிக்கை கையொப்பமானது. வரம் முந்தி, கிரியை பிந்தி. ஆனால் கிரியை இல்லாமல் வரம் தங்குமென்று சொல்ல முடியாது. பால் இனாமாய்க் கிடைத்தாலும் குழந்தைதான் குடிக்கவேண்டும்.

நிக்கோதேமுஸையே பாருங்கள். சுவிசேஷத்தில் அவர் மூன்று தரம் வருகிறார். முதலில் இருட்டில் வந்து கேள்வி கேட்கிறார். பிறகு ஏழாம் அதிகாரத்தில், விசாரியாமல் ஒருவனைத் தீர்ப்பிடலாமா என்று சங்கத்தாரிடம் ஆண்டவருக்காக ஒரு வார்த்தை பேசத் துணிகிறார். கடைசியில் பெரிய வெள்ளிக்கிழமை, அப்போஸ்தலர்களில் அநேகர் ஓடி ஒளிந்திருந்த வேளையில், ஏறக்குறைய நூறு இராத்தல் வெள்ளைப்போளமும் அகிலும் கொண்டு வந்து, அரிமத்தியா ஊர் சூசையோடு ஆண்டவருடைய திருச்சரீரத்தை அடக்கம் செய்கிறார். ஒரே இரவில் அல்ல, படிப்படியாய் அவர் வெளிச்சத்துக்கு வந்தார்.

6. விழுந்தவன் என்ன செய்வது?

ஞானஸ்நானத்துக்குப் பின் சாவான பாவத்தில் விழுகிறவன், பெற்ற உயிரை இழக்கிறான். முத்திரை அழியவில்லை, ஆனால் ஆத்துமம் செத்துக் கிடக்கிறது. அப்படிப்பட்டவன் மறுபடி பிறக்கத் தேவையில்லை, உயிர்த்தெழத் தேவை. ஊதாரிப் பிள்ளை திரும்பிவந்தபோது, தகப்பன் அவனைப் புதிதாய்ப் பெறவில்லை. அவன் பன்றிகளோடு இருந்தபோதும் பிள்ளைதான். ஆனால் வீட்டில் இல்லாத பிள்ளை. தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு, செத்திருந்த மகன் உயிர்த்தான் என்று விருந்து வைத்தார். அந்தத் தகப்பனின் மடியே பாவசங்கீர்த்தனத் தொட்டி.

அர்ச். அகுஸ்தீன் ஞானஸ்நானம் பெற்று நாற்பத்துமூன்று வருஷத்துக்குப் பின், 430-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி, ஹிப்போ நகரில் மரித்தார். பகைவர் நகரத்தை முற்றுகையிட்டிருந்த காலம் அது. அவருடைய சரித்திரத்தை எழுதிய சீஷர் பொசீதியுஸ் சொல்கிறதாவது: பரிசுத்தர் தம் படுக்கைக்கு எதிரேயுள்ள சுவரில் தாவீதின் மனஸ்தாப சங்கீதங்களை எழுதி ஒட்டச்செய்து, கடைசி நாட்களில் அவைகளை வாசித்து ஓயாமல் கண்ணீர் விட்டார். எவ்வளவு நூல் எழுதியவர்! எத்தனை ஆத்துமங்களை இரட்சித்தவர்! அவர் சாகும் வேளையில், நான் இரட்சிக்கப்பட்டவன் என்று சொல்லிச் சாய்ந்துகொள்ளவில்லை. மனஸ்தாபப்பட்டு, நம்பிக்கையோடு கைகூப்பினார். அவர் பயந்தது அடிமையின் பயமல்ல, தகப்பனை நோகச்செய்த பிள்ளையின் துயரம். ஐந்து வருஷம், பத்து வருஷம் பாவசங்கீர்த்தனம் செய்யாதிருக்கிறவர்களே, அந்தப் படுக்கையை நினையுங்கள். வருஷத்துக்கு ஒரு தரமாவது சாவான பாவங்களைச் சங்கீர்த்தனம் செய்யவேண்டும் என்பது 1215-ம் ஆண்டு லாத்தரான் பொதுச்சங்கம் முதல் திருச்சபையின் கட்டளை. அது குறைந்தபட்ச அளவு மாத்திரமே.

7. குடும்பங்கள் செய்யவேண்டியவை

பெற்றோரே, குழந்தை பிறந்த முதல் சில வாரங்களுக்குள்ளே ஞானஸ்நானம் கொடுக்கச் செய்யுங்கள் என்று 1983-ம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் கேட்கிறது. விருந்துக்குப் பணம் சேரட்டும், வெளிநாட்டிலிருந்து மாமன் வரட்டும் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடாதேயுங்கள். விருந்து காத்திருக்கலாம், ஆத்துமம் காத்திருக்கலாகாது.

ஞானத்தகப்பன், ஞானத்தாய் என்பவர்களைத் தங்கச் சங்கிலியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளாதேயுங்கள். அவர்கள் சாதாரணமாய்ப் பதினாறு வயது நிறைந்தவர்களும், உறுதிப்பூசுதலும் நற்கருணையும் பெற்றவர்களும், விசுவாசத்துக்கேற்றபடி நடக்கிறவர்களுமாயிருக்க வேண்டும். பிள்ளைக்கு ஜெபம் கற்றுக்கொடுக்கக் கடமைப்பட்டவர்கள் அவர்கள்.

மரண ஆபத்தில் குருவானவர் வரக் கூடாதபோது, யாரானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். தாய், பாட்டி, நர்சு, ஞானஸ்நானம் பெறாத அயலார்கூடக் கொடுக்கலாம். திருச்சபை செய்வதைச் செய்யும் கருத்து இருந்தால் போதும். சுத்தமான தண்ணீரைத் தலையில் வார்த்துக்கொண்டே, பேரைச் சொல்லி, “பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்” என்று சொல்லவேண்டும். வார்க்கிறவரே சொல்லவேண்டும். பிறகு பங்குச் சுவாமியாருக்கு அறிவிக்கவேண்டும். வீட்டில் எல்லாரும் இதைக் கற்றிருப்பது நலம்.

ஞானஸ்நானம் பெறாமலே பிள்ளையை இழந்த தாய்மார் நம்மிடையே இருக்கலாம். அவர்கள் மனம் உடைந்துபோக வேண்டாம். அப்படிப்பட்ட குழந்தைகள் இரட்சணியம் அடைவார்கள் என்று நம்புவதற்குத் தக்க ஆதாரம் உண்டென்று, உரோமையின் சர்வதேச வேதசாஸ்திரக் குழு 2007-ம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை ஆறுதல் சொல்கிறது. சர்வேசுரன் தமது அனுமானங்களுக்கு நம்மைக் கட்டினார். தம்முடைய இரக்கத்தை அவைகளுக்குள் கட்டிவைக்கவில்லை.

கடைசியாக ஓர் எளிய காரியம். உங்கள் ஞானஸ்நான தேதி உங்களுக்குத் தெரியுமா? பிறந்த நாளுக்கு மிட்டாய் கொடுக்கிறோம். மறுபடி பிறந்த நாளையோ கோவில் புத்தகத்தில் மூடி வைத்திருக்கிறோம். காலஞ்சென்ற பிரான்சிஸ் பாப்பானவர் 2014-ம் ஆண்டு சனவரி மாதத்தில், அந்தத் தேதியைத் தேடி அறிந்துகொள்ளும்படி விசுவாசிகளைக் கேட்டுக்கொண்டார். அர்ச். இரண்டாம் ஜான் பால் பாப்பானவரோ, 1979-ம் ஆண்டில் தம் சொந்த ஊராகிய வதோவித்சேவுக்குப் போனபோது, தாம் 1920-ல் ஞானஸ்நானம் பெற்ற தொட்டியண்டை முழந்தாளிட்டு வணங்கினார்.

இந்த வாரம் வீட்டில் ஒவ்வொருவரும் தம் தேதியைக் கோவில் அலுவலகத்தில் கேட்டு எழுதி, சிலுவைப் படத்தின் கீழ் ஒட்டுங்கள். அந்தந்த நாளில் ஒரு மெழுகுதிரி ஏற்றி, விசுவாசப் பிரமாணத்தைச் சேர்ந்து சொல்லுங்கள்.

வீட்டில் கேட்டுப் படிக்க: வினா விடை

வினா: மறுபடி பிறத்தல் எப்போது நடக்கிறது?
விடை: தண்ணீரினாலும் பரிசுத்த ஆவியினாலும் ஞானஸ்நானம் பெறும்போது நடக்கிறது.

வினா: ஞானஸ்நானம் எத்தனை தரம் பெறலாம்?
விடை: ஒரே தரம். அது ஆத்துமத்தில் அழியாத முத்திரையைப் பதிக்கிறபடியால் திரும்பப் பெற முடியாது.

வினா: அறியாத குழந்தைக்கு ஏன் கொடுக்கிறோம்?
விடை: பிறப்பு சர்வேசுரனுடைய கொடை, குழந்தை திருச்சபையின் விசுவாசத்தில் அதைப் பெறுகிறது, வளர்ந்தபின் தன் சொந்த விசுவாசத்தால் அதை ஏற்று வாழவேண்டும்.

வினா: ஞானஸ்நானம் பெற்றவன் மோட்சத்தை இழக்கக் கூடுமோ?
விடை: சாவான பாவத்தில் மனஸ்தாபமின்றி மரித்தால் இழப்பான்.

வினா: விழுந்தவனுக்கு வழி என்ன?
விடை: மனஸ்தாபத்தோடு செய்யும் நல்ல பாவசங்கீர்த்தனம்.

வினா: தண்ணீர் ஞானஸ்நானம் பெறாமல் மரிக்கிறவர்களுக்கு வழியுண்டோ?
விடை: விசுவாசத்துக்காக உயிர் கொடுக்கிறவர்களுக்கு இரத்த ஞானஸ்நானமும், மெய்யான ஆசையோடு மரிக்கிறவர்களுக்கு ஆசை ஞானஸ்நானமும் உண்டு. தங்கள் குற்றமின்றிச் சுவிசேஷத்தை அறியாமல், தேவ வரத்தின் ஏவுதலால் மனச்சாட்சிப்படி நடக்கிறவர்களும் இரட்சணியம் அடையலாம் என்று இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1964-ம் ஆண்டில் போதித்தது.

வினா: “நீ இரட்சிக்கப்பட்டாயா?” என்று கேட்டால் என்ன சொல்வது?
விடை: “என் ஞானஸ்நானத்தில் இரட்சிக்கப்பட்டேன், இன்றும் இரட்சிக்கப்பட்டு வருகிறேன், கடைசி மட்டும் நிலைநின்று இரட்சிக்கப்படுவேன் என்று சேசுநாதரை நம்பியிருக்கிறேன்” என்று தாழ்மையோடும் சந்தோஷத்தோடும் சொல்லவேண்டும்.

கோவில் வாசலில் தீர்த்தம் தொட்டுச் சிலுவை அடையாளம் வரைகிறோமே, அது நம் முதல் தண்ணீரின் ஞாபகம். வருகிற ஞாயிறு அந்தத் தீர்த்தத்தில் விரல் வைக்கும்போது, அவசரப்படாமல் ஒரு கணம் நின்று, “ஆண்டவரே, அன்று தந்த உயிரை என்னில் காத்தருளும்” என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டு உள்ளே போவோமாக.